எல்லைக்கு இப்பால் ஏழு திங்கள்

இராயக்கோட்டை மலையின் உச்சியிலே, சிதைந்து கிடக்கும் கோட்டைச் சுவரருகே நின்று நாற்புறமும் நோக்குகிறோம். கிழக்கே கிருட்டிணகிரி. தெற்கே பாலக்கோடு, அதற்கும் அப்பால் தருமபுரி. வடமேற்கே ஓசூர், ஓசூரைத் தாண்டினால் கருநாடகம். அடிவாரத்துச் சந்தையிலே தக்காளிக் கூடைகள் வண்டியேறுகின்றன. ஒரு வண்டி தமிழகத்து ஊர்களுக்கு, ஒரு வண்டி பெங்களூருக்கு. தக்காளிக்கு எல்லை தெரியாது. மலையைத் தழுவி வரும் காற்றுக்கும் தெரியாது. எனினும், கண்ணுக்குப் புலப்படாத அந்த எல்லைக்கோடு ஒரு காலத்திலே உரிமைக்கும் அச்சத்துக்கும் நடுவே வரப்பாகக் கிடந்தது என்று நாம் கூறினால், இன்றைய இளைஞர் வியப்பர், நம்பவும் தயங்குவர்.

1975 சூன் 26 முதல் 1976 சனவரி 31 வரை, ஏழு திங்கள், அந்த வரப்பு நின்றது. பிறகு ஒரே கையெழுத்தில் அழிந்தது. அது நின்ற கதையையும் அழிந்த கதையையும் நினைவூட்டவே இந்தக் கட்டுரை. அரை நூற்றாண்டு கடந்த பின் எதற்கு இந்தப் பழங்கதை என்று கேட்போர் உண்டு. பழங்கதையா அது? பார்ப்போம்.

கோட்டையும் குடிமக்களும்

இந்தக் கோட்டை பல கொடிகளைக் கண்டது. பாராமகால் என்று வழங்கிய இந்நிலப்பரப்பைத் திப்பு சுல்தான் ஆண்ட நாளில், 1791-இல், ஆங்கிலேயரின் மேசர் கௌடி என்பவன் படையுடன் வந்து இதனைக் கைப்பற்றினான். மறு ஆண்டிலே சீரங்கப்பட்டண உடன்படிக்கை. பாராமகால் முழுவதும் கும்பினியார் கைக்குச் சென்றது. மாலையிலே மைசூரான் குடியாய் உறங்கியவன், காலையிலே கும்பினியான் குடியாய் விழித்தான். அடிவாரத்து உழவனை எவரேனும் கேட்டனரா? கேட்கவில்லை. கேட்கும் வழக்கமே அன்று இல்லை.

ஐரோப்பாவிலே இட்லர் மூட்டிய தீயும் இந்தப் பக்கம் வந்து சுட்டதுண்டு. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர்வரை ஓடிய சின்னஞ்சிறு இரயில், போரின் நடுவே, 1941-இல் நின்றுபோயிற்று. பல்லாயிரம் கல் தொலைவிலே ஒரு சர்வாதிகாரி எழுந்தால், பாராமகாலத்து உழவன் சந்தைக்குப் போகும் வண்டியும் நின்றுபோகும். அதைப்பற்றியும் அவனை எவரும் கேட்கவில்லை.

விடுதலை வந்தது, வாக்குரிமை வந்தது, 'இனி உன்னைக் கேட்டுத்தான் எதுவும்' என்று அரசியல் சட்டம் அந்த உழவனுக்கு வாக்களித்தது. வாக்களித்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. பின்னர் ஓர் இரவு வந்தது.

இரவோடு இரவாக

1975 சூன் 12. அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சகமோகன்லால் சின்கா, தலைமை அமைச்சர் இந்திரா காந்தி அம்மையாரின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தார். வழக்குத் தொடுத்தவர் இராச் நாராயண். சூன் 24-இல் உச்சநீதிமன்றத்து நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் நிபந்தனையோடு கூடிய தடை வழங்கினார்: பதவியில் இருக்கலாம், நாடாளுமன்றத்தில் வாக்களிக்கக் கூடாது. மறுநாள் இரவு, அரசியல் சட்டத்தின் 352-ஆம் பிரிவின்கீழ், 'உள்நாட்டுக் குழப்பம்' என்று காரணங்காட்டி, குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலை ஆணையில் கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடியது எப்போது? கையெழுத்தான பின், மறுநாள் காலை ஆறு மணிக்கு! தில்லியிலே நாளேடுகளின் அச்சகங்களுக்கு அன்றிரவே மின்சாரம் துண்டிக்கப்பட்டது. செயப்பிரகாசு நாராயணர், மொரார்ஜி தேசாய் முதலானோர் விடியுமுன் கைது செய்யப்பட்டனர்.

இங்கே ஒன்றை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். எந்தப் படையும் தலைநகரைச் சூழவில்லை. எந்தத் தளபதியும் வானொலி நிலையத்தைக் கைப்பற்றவில்லை. எல்லாம் சட்டப்படி நடந்தன. சட்டப் புத்தகத்திலேயே கதவு இருந்தது. அதன் வழியே சர்வாதிகாரம் செருப்போசை கேளாமல் உள்ளே நுழைந்தது.

செருமனி கற்பித்த பாடம்

அந்தக் கதவு நமக்கு எங்கிருந்து வந்தது? நெருக்கடி வேளையில் அடிப்படை உரிமைகளை நிறுத்தி வைக்கலாம் என்னும் கருத்து, முதல் உலகப் போருக்குப்பின் செருமனி எழுதிக்கொண்ட வைமர் அரசியல் சட்டத்தைப் பார்த்து நம்மவர் எடுத்துக்கொண்டது. 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் என்பார் இதனை எதிர்த்தார். வைமர் சட்டத்தின் இதே வகையான பிரிவுதான் இட்லருக்கு ஏணியாயிற்று என்று எடுத்துக்காட்டினார். அவர் பேச்சு சபைக் குறிப்பிலே பதிவாயிற்று. பிரிவும் சட்டத்திலே பதிவாயிற்று.

செருமனியில் நடந்தது என்ன? அங்கே 48-ஆம் பிரிவு. 1932 சூலை 20-இல், அந்தப் பிரிவைக் காட்டி, தலைமை அமைச்சர் பாப்பன், பிரஷ்யா என்னும் மாநிலத்தின் அரசை நீக்கினார். பிரஷ்யா சிறிய மாநிலமன்று. செருமானியரில் பாதிக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த மாநிலம். அங்கே ஒட்டோ பிரௌன் தலைமையில் சமூக சனநாயகவாதிகளின் கூட்டரசு. காரணம்? சட்டம் ஒழுங்கு குலைந்ததாம்! நீக்கப்பட்டோர் நீதிமன்றம் சென்றனர்; வீதிக்கு வரவில்லை. ஆறு திங்கள் கழித்து, 1933 சனவரி 30-இல், இட்லர் பதவியேற்றபோது, எதிர்த்து நிற்கக்கூடிய மிகப் பெரிய மாநிலம் முன்பே கைகட்டி நின்றது.

பின்னர் நடந்தவை விரைந்து நடந்தன. பிப்ரவரி 27-இல் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே பேச்சுரிமை, கூட்டவுரிமை, எழுத்துரிமை அனைத்தும் ஆணை ஒன்றால் நிறுத்தப்பட்டன. மார்ச்சு 23-இல், நாடாளுமன்றமே தன் அதிகாரத்தை இட்லரிடம் ஒப்படைக்கும் சட்டம். ஆதரவு 444, எதிர்ப்பு 94. பொதுவுடைமையினர் சிறையிலும் தலைமறைவிலும் கிடக்க, எதிர்த்து வாக்களித்தவர் சமூக சனநாயகவாதிகள் மட்டுமே. ஓராண்டு நிறைவிலே, 1934 சனவரி 30-இல், மாநிலச் சட்டமன்றங்கள் அனைத்தும் ஒழிக்கப்பட்டன. சர்வாதிகாரிக்கு மாநிலம் என்பது கண்ணில் விழுந்த தூசு.

இந்தியாவின் நெருக்கடி நிலையை நாஜிக் கொடுமையோடு நாம் நிறை பார்க்கவில்லை. அங்கே கோடிக்கணக்கில் உயிர்கள். யூதர் என்று பிறந்ததற்காகவே அறுபது லட்சம் மக்கள் கொல்லப்பட்டனர். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு அது. அந்த வேறுபாட்டை மறைப்பவன் வரலாற்றுக்கு இரண்டகம் செய்பவன். நாம் சுட்டுவது நுழைந்த வழியை மட்டும். திருடன் எடுத்துச் சென்றது ஓர் வீட்டில் பொன், ஓர் வீட்டில் உயிர்; இரண்டு வீட்டிலும் அவன் நுழைந்த சன்னல் ஒன்றே.

எல்லைக்கு அப்பால்

கைதுகள் தொடங்கிய அதே சூன் 26-இல், நாடாளுமன்றக் குழுப் பணிக்காகப் பெங்களூர் வந்திருந்த வாச்பாய், அத்வானி முதலானோர் அங்கேயே கைது செய்யப்பட்டு, பெங்களூர் நடுவண் சிறையில் அடைக்கப்பட்டனர். ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் அந்தச் சிறை. கொள்கையால் அவர்கள் நமக்கு நெடுந்தொலைவில் இருப்பவர்கள். ஆயினும், விசாரணையின்றி ஒருவனைப் பூட்டி வைக்கும் உரிமை அரசுக்கு உண்டென்றால், பூட்டப்படுபவனின் கொள்கையைப் பார்த்தா நாம் நியாயம் பேசுவது?

'மிசா' என்னும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தாலும் பிற சட்டங்களாலும், நாடு முழுவதும் அந்த இருபத்தொரு திங்களில் சிறைப்பட்டோர் ஒரு லட்சத்திற்கும் மேல். ஏடுகளுக்குத் தணிக்கை. காந்தியாரும் தாகூரும் உரிமையைப்பற்றிக் கூறிய மொழிகளைக்கூடத் தணிக்கையாளர் அடித்தனர். தலையங்கப் பகுதியை வெற்றிடமாக விட்டு எதிர்ப்பைக் காட்டினால், வெற்றிடமும் குற்றமாயிற்று. ஆட்சியினருக்காகப் பாட மறுத்த கிசோர் குமாரின் பாட்டு வானொலியில் ஒலிப்பது நின்றது. வடபுலத்திலே கருத்தடைக்கு இலக்கு வகுத்து, ஆள் பிடித்து வர ஆசிரியர்களை ஏவினர். 1976-77 ஓராண்டில் மட்டும் நாட்டில் எண்பது லட்சத்திற்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள்! தில்லி துருக்மான் வாயிலில் ஏழைகளின் வீடுகள் இடிக்கப்பட்டன. எதிர்த்தவர்மீது துப்பாக்கி பேசிற்று.

இவ்வளவுக்கும் நடுவே அன்றாட வாழ்வு எப்படியிருந்தது? பெரும்பாலோர்க்கு, வழக்கம் போலவே இருந்தது! கதிரவன் எழுந்தான், கடை திறந்தது, இரயில் நேரத்துக்கு வந்தது. 'பார்த்தீரா, இரயில் நேரத்துக்கு வருகிறது!' என்று மெச்சியவர் எத்துணைப் பேர்! முசோலினி ஆண்ட இத்தாலியிலும் இதே பேச்சுத்தான். அங்கே நாடாளுமன்ற உறுப்பினர் மத்தேயொத்தி 1924-இல் கடத்திக் கொல்லப்பட்டார். 'இருக்கட்டும், இரயில் நேரத்துக்கு வருகிறதே' என்றனர் கனவான்கள். இரயில் உண்மையில் எல்லா இடத்திலும் நேரத்துக்கு வந்ததா என்பதுகூடக் கேள்வி. வரவில்லை என்று எழுத எந்த ஏட்டுக்குத் துணிவிருந்தது?

ஊர்ப்புறத்து முடிதிருத்தகங்களிலே 'இங்கு அரசியல் பேசாதீர்' என்னும் அட்டை எக்காலத்தும் தொங்குவதுதான். அதனடியில் அமர்ந்துதான் நம் மக்கள் எக்காலத்தும் அரசியல் பேசினர். அந்த அட்டையை உண்மையிலேயே படித்து, வாயை மூடிய காலம் அந்தக் காலம் ஒன்றுதான்.

எல்லைக்கு இப்பால்

இப்போது எல்லைக்கு இந்தப் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் கலைஞர் மு. கருணாநிதி தலைமையில் கழக அரசு. நெருக்கடி நிலை பிறந்த இரண்டாம் நாள், 1975 சூன் 27-இல், கழகச் செயற்குழு கூடியது. நெருக்கடி நிலையைக் கண்டித்தும், தலைவர்களை விடுவிக்கக் கோரியும் தீர்மானம் செய்தது. மாநிலத்தை ஆளும் கட்சி ஒன்று, தன் ஆட்சிக்கு வரப்போகும் கேட்டை அறிந்தே நிறைவேற்றிய தீர்மானம் அது. தில்லியிலிருந்து வந்த கைதுப் பட்டியலைத் தமிழக அரசு கண்மூடி நிறைவேற்றவில்லை. எதிர்க்கட்சித் தலைவர்கள் இங்கே உலவினர். காமராசர் தம் இல்லத்தில் இருந்தார், கைதாகவில்லை. நாடு போகும் போக்கைக் கண்டு நொந்த அவர், அவ்வாண்டு அக்டோபர் 2-இல் மறைந்தார். பிற மாநிலங்களில் தலைமறைவாய்த் திரிந்தோர் தமிழகம் வந்து மூச்சுவிட்டுச் சென்றனர்.

ஏடுகளின்மீது தணிக்கை இங்கும் இருந்தது. அது தில்லியின் கையிலிருந்த கத்தரி. அந்தக் கத்தரியை எள்ளி, 'முரசொலி' வெண்டைக்காயின் நலத்தையும் விளக்கெண்ணெயின் மகிமையையும் கொட்டை எழுத்தில் வெளியிட்டது! தணிக்கையாளர் என்ன செய்வார்? வெண்டைக்காய்க்கு எதிராகச் சட்டம் இல்லையே! படித்தவன் சிரித்தான், சிரித்தவனுக்குச் செய்தி புரிந்தது.

தமிழ்நாட்டையும், எதிர்க்கட்சிகளின் கூட்டணி ஆண்ட குசராத்தையும், கட்டுப்பாடற்ற தீவுகள் என்று தில்லியில் ஏசினர். தீவுதான்! வெள்ளத்திலே தத்தளிப்பவனுக்குத் தீவு ஏச்சுப்பொருளா, கரையேறும் இடமா?

அந்த நாளில் பெங்களூரிலிருந்து ஓசூருக்கு வந்த ஒருவன் என்ன மாற்றம் கண்டான்? அதே சாலை, அதே கேழ்வரகுக் கொல்லை, கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் அதே மக்கள். அரசியல் சட்டமும் ஒன்றே, மிசாவும் ஒன்றே. மாறியது ஒன்று: சட்டத்தைக் கையிலெடுப்பவன் யாரிடம் ஆணை பெறுகிறான் என்பது. அங்கே காவலர் தில்லியின் குறிப்பறிந்து நடந்தார். இங்கே, தில்லிக்கு 'இல்லை' என்று சொல்லத் துணிந்த ஓர் அமைச்சரவை நடுவே நின்றது. மாநில சுயாட்சி என்பதை, அதிகாரப் பசி கொண்ட கட்சிகளின் பேரம் என்று இகழ்வோர் இதனை எண்ணிப் பார்க்கட்டும். அது குடிமகனின் தலைக்கும் தில்லியின் தடிக்கும் இடையே பிடிக்கப்பட்ட குடை.

அந்தக் குடை ஓட்டையில்லாத குடை என்று நாம் வாதாடவில்லை. கழக அரசின்மீது ஊழற்குற்றச்சாட்டுகள் எழுந்தன. சர்க்காரியா ஆணையம் அமைந்தது. குற்றமிருப்பின் விசாரிக்கட்டும், அதற்கு நீதிமன்றமும் தேர்தலும் உண்டு. ஆனால், நாட்டின் நாவையே கட்டியவர்கள் மாநிலத்தின் கையைச் சோதிக்க வந்ததுதான் வேடிக்கை.

ஒரு கையெழுத்து

1976 சனவரி 31. அரசியல் சட்டம் 356-ஆம் பிரிவு. ஆளுநர் கே. கே. ஷாவின் அறிக்கை தில்லிக்குச் சென்றது, கழக அரசு நீக்கப்பட்டது, சட்டமன்றம் கலைக்கப்பட்டது. பிரஷ்யாவிலே 1932-இல் நடந்த நாடகம், நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்துச் சென்னையிலே அரங்கேறிற்று. பின்னர் குசராத்து ஆட்சியும் கவிழ்ந்தது. தீவுகள் மூழ்கின.

இது எதிர்பாராத இடி என்று கூறவும் இயலாது. 1969-இல் கழக அரசு அமைத்த இராசமன்னார் குழு, 1971-இல் தந்த அறிக்கையிலே, 356-ஆம் பிரிவை நீக்கிவிட வேண்டுமென்று பரிந்துரைத்திருந்தது. அந்த ஏட்டின்மீது தூசு படிந்தது. தூசு தட்டுமுன் வாள் விழுந்தது.

அன்றிரவே கைதுகள் தொடங்கின. தெருவிலே கறுப்பு சிவப்புக் கரை வேட்டியோடு நடந்தவன், அதை மடித்துப் பெட்டியில் வைத்தான். படிப்பகங்கள் பூட்டிக் கிடந்தன. கைதானோர் யார் என்று வெளியிட ஏட்டுக்கு உரிமையில்லை. பிப்ரவரி 3, அண்ணாவின் நினைவுநாள். அன்று 'முரசொலி' ஒரு பட்டியலை வெளியிட்டது: அண்ணா நினைவிடத்திற்கு மலர் வைக்க வர இயலாதோர் பட்டியல்! மாவட்ட வாரியாகப் பெயர்கள். தணிக்கையாளர் கண்ணில் அது அஞ்சலிக் குறிப்பு; தன் மகன் எங்கே என்று தெரியாத தாயின் கண்ணில் அது கைதானோர் பட்டியல். ஏடு நடத்துவோர்க்கு அதனினும் பெரிய பாடம் ஒன்றில்லை என்போம்.

மூன்று உயிர்கள்

தென்னகத்தின் மூன்று மாநிலங்கள் மூன்று உயிர்களைக் கொடுத்தன.

சென்னையின் மேயராய் இருந்தவர், நாடாளுமன்ற உறுப்பினர் சிட்டிபாபு. 1976 பிப்ரவரித் தொடக்கத்தில், சென்னை நடுவண் சிறையிலே மிசா கைதிகளை அடித்து நொறுக்கினர். இருபத்திரண்டு அகவை இளைஞராய் இருந்த மு. க. ஸ்டாலின்மீது விழுந்த அடிகளைத் தம் உடலில் தாங்கினார் சிட்டிபாபு. 1977 சனவரியில் உயிர் நீத்தார். பின்னர் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரித்து, சிறையில் நடந்த தாக்குதலை உறுதி செய்தது.

பெங்களூரிலே சினேகலதா ரெட்டி. 'சம்ஸ்காரா' என்னும் கன்னடப் படத்தில் நடித்த கலைச்செல்வி. 1976 மே 2-இல் கைதானார்; எட்டுத் திங்களுக்கும் மேலாகச் சிறை. ஆஸ்துமா நோயாளி. தக்க மருத்துவம் கிட்டவில்லை. 1977 சனவரி 15-இல் பரோலில் விட்டனர். ஐந்தாம் நாள் இறந்தார்.

கேரளத்திலே இராசன் என்னும் பொறியியற் கல்லூரி மாணவன். 1976 மார்ச்சு 1-இல் காவலர் கொண்டு சென்றனர். கக்கயம் முகாமில் வதைபட்டு மாண்டான். தந்தை ஈச்சர வாரியர் கதவு கதவாய்த் தட்டினார். நெருக்கடி நிலை நீங்கிய பின்னரே நீதிமன்றம் உண்மையை வெளிக்கொணர்ந்தது. பதவியேற்ற சில வாரங்களில் முதலமைச்சர் கருணாகரன் விலக நேர்ந்தது. மகனின் உடல்கூடத் தந்தைக்குக் கிட்டவில்லை.

இவர்கள் நீதிமன்றம் சென்றிருக்கலாமே என்பீர். நீதிமன்றக் கதவையும் 1976 ஏப்ரல் 28-இல் சாத்திவிட்டனர். ஒன்பது உயர்நீதிமன்றங்கள் சிறைப்பட்டோர்க்கு ஆதரவாய்த் தீர்ப்பளித்திருக்க, உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், நெருக்கடி நிலையில் ஆட்கொணர்வு மனுவே செல்லாது என்றனர். ஒருவர் மட்டும், எச். ஆர். கன்னா, மாறுபட்டார். சட்டமில்லாமல் உயிரைப் பறித்தாலுமா முறையிட வழியில்லை என்று அவர் கேட்டார்; அரசுத் தரப்பு 'வழியில்லை' என்றே விடை பகர்ந்தது. தலைமை நீதிபதியாக வேண்டிய முறை வந்தபோது, 1977 சனவரியில், அவரைத் தாண்டி மற்றொருவரை அமர்த்தினர். கன்னா பதவி துறந்தார். நாற்பதாண்டுகள் கழித்து, 2017-இல், உச்சநீதிமன்றம் அந்தப் பழைய தீர்ப்பைப் பிழையென்று கூறிக் களைந்தது. ஒருவரின் 'இல்லை' நால்வரின் 'ஆம்' என்பதை வென்றது; ஆனால் நாற்பதாண்டு எடுத்தது.

சின்ன மனிதனின் 'ஆம்'

சர்வாதிகாரத்தின் வலு அதன் படையில் மட்டும் இருப்பதில்லை. எழுத்தரின் பேனாவில், அச்சுக்கோப்பவரின் விரலில், ஆசிரியரின் கையெழுத்தில், காவலாளியின் கண்ணில் அது வாழ்கிறது. 1931-இல் முசோலினி, பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் பாசிச அரசுக்கு உறுதிமொழி எடுக்கவேண்டும் என்றான். ஆயிரத்து இருநூறு பேர் அளவில் இருந்தனர். மறுத்தவர் ஏறத்தாழப் பன்னிருவர். கற்றோர் நிலை அது! 1943 பிப்ரவரி 18-இல், மியூனிச் பல்கலைக்கழகத்திலே ஆன்ஸ் ஷோல், சோஃபி ஷோல் என்னும் அண்ணனும் தங்கையும் இட்லரை எதிர்த்துத் துண்டறிக்கை வீசினர். அவர்களைப் பிடித்துக் கொடுத்தவன் இரகசியப் போலீசு அல்லன், கட்டடக் காவலாளி. நான்காம் நாள் இருவரும் தலை வெட்டுண்டனர். அந்தக் காவலாளி அன்றும் வழக்கம்போலக் கதவுகளைப் பூட்டியிருப்பான். தன் கடமையைச் செய்ததாக நினைத்திருப்பான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நாஜிகள் பிடித்திருந்த நார்வேயில், 1942-இல், பொம்மை ஆட்சியாளன் குவிஸ்லிங், ஆசிரியர் அனைவரும் தன் கட்சிச் சங்கத்தில் சேரவேண்டும் என்று ஆணையிட்டான். பல்லாயிரம் ஆசிரியர்கள், ஒவ்வொருவராக, ஒரே வாசகத்தை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினர்: சேர மாட்டோம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சிறைப்படுத்தினர்; பனிக்கடல் ஓரத்துக்கு அனுப்பி மூட்டை சுமக்க வைத்தனர். ஆசிரியர் வளையவில்லை. இறுதியில் குவிஸ்லிங்கின் திட்டமே சரிந்தது. துப்பாக்கி ஒன்றுமில்லாத பள்ளி ஆசிரியர்கள்! அரிச்சுவடி கற்பிக்கும் கை, அச்சத்தையும் அழிக்க வல்லது.

நம்மை நாமே கேட்போம்

இனிக் கசப்பான பகுதி. இதைச் சொல்லாமல் விட்டால் நாம் எழுதியதெல்லாம் வெற்றாரவாரம்.

1977 சனவரி 18-இல் தேர்தல் அறிவிப்பு. மார்ச்சில் வாக்கெடுப்பு. உத்தரப்பிரதேசத்தில் 85, பீகாரில் 54 தொகுதிகள். இரண்டிலும் காங்கிரசுக்கு ஒன்றுகூட இல்லை. தலைமை அமைச்சரே இரேபரேலியில் இராச் நாராயணிடம் தோற்றார். எழுத்தறியாத வடபுலத்து ஏழை, சர்வாதிகாரத்துக்குச் சூடு போட்டான். தமிழ்நாடு என்ன செய்தது? சிட்டிபாபுவின் ஈமத் தீயின் வெம்மை ஆறாத தமிழ்நாடு? 39 தொகுதிகளில் 34-ஐ, காங்கிரசு இடம்பெற்ற கூட்டணிக்கே அளித்தது!

மக்களை ஏசுவது எளிது. ஏன் என்று ஆய்வது அறிவு. எம். ஜி. ஆர். என்னும் பேரலை ஒரு காரணம். கழக ஆட்சியின்மீது இருந்த மனக்குறை ஒரு காரணம். வடபுலத்தை வதைத்த கருத்தடைக் கொடுமை இங்கே அந்த அளவுக்கு வீட்டுவாயிலை எட்டாதது ஒரு காரணம். ஆனால் எல்லாவற்றினும் பெரிய காரணம், தெரியாமை. சிறையில் நடந்ததை எந்த ஏடும் எழுதவில்லை. ஓராண்டுத் தணிக்கை, ஓர் இனத்தின் நினைவையே அரித்துவிட்டது. எழுதப்படாத கொடுமை, நடவாத கொடுமையாகிவிடுகிறது.

அதனினும் கசப்பானது ஒன்று. மூன்றே ஆண்டுகளில், 1980 தேர்தலில், அடித்த கட்சியும் அடிபட்ட கட்சியும் ஒரே மேடையில் கைகோத்து நின்றன. அரசியலில் அதற்கு ஆயிரம் காரணம் கூறலாம், அன்றும் கூறினர். கூட்டணி மாறலாம், கணக்கு மாறலாம், ஆனால் பட்ட தழும்பைத் தொண்டனுக்குச் சொல்லிக் கொடுக்கவும் மறந்தால், அடுத்த தலைமுறைக்கு எதைக் கொண்டு எச்சரிக்கை செய்வது?

வரப்பு மீண்டும் உயர்ந்த கதை

முற்றும் இருளன்று. 1978-இல் 44-ஆம் திருத்தம் வந்தது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற வழுக்குச் சொல் நீங்கி, 'ஆயுதக் கிளர்ச்சி' என்பது இடம்பெற்றது. அமைச்சரவையின் எழுத்து மூலமான முடிவு கட்டாயமாயிற்று. உயிருரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்தலாகாது என்றாயிற்று.

356-ஆம் பிரிவுக்குக் கடிவாளம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இந்த மலையிலிருந்து நாம் பார்க்கும் அதே எல்லைக்கு அப்பாலிருந்து! 1989-இல் கருநாடக முதலமைச்சர் எஸ். ஆர். பொம்மையின் ஆட்சி நீக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1994 மார்ச்சு 11-இல், ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த உச்சநீதிமன்றம் கூறிற்று: ஓர் அரசுக்குப் பெரும்பான்மை உண்டா என்பது சட்டமன்றத்தில் முடிவாக வேண்டும், ஆளுநர் மாளிகையில் அன்று. கலைப்பு ஆணை நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது. 1975-இல் எல்லைக்கு இப்பால் இருந்த குடை அப்பாலிருந்து வந்தவர்க்கு நிழல் தந்தது. 1994-இல் அப்பாலிருந்து எழுந்த தீர்ப்பு இப்பால் இருப்போர்க்கும் வேலியாயிற்று. மொழியால் வேறானோர் உரிமையால் உறவினர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கீழே தக்காளி வண்டிகள் புறப்படுகின்றன. மலைக்கோட்டையின் கல் ஒவ்வொன்றாய் உதிர்கிறது. கல்லால் கட்டிய கோட்டையை 1791-இல் பீரங்கி வென்றது. சட்டத்தால் கட்டிய கோட்டையை 1975-இல் ஒரு கையெழுத்து வென்றது. மூன்றாவதாய் ஒரு கோட்டை உண்டு. தவறான ஆணை வரும்போது, 'இல்லை' என்று சொல்லத் தெரிந்த எழுத்தர், ஆசிரியர், ஏட்டாளர், நீதிபதி, அமைச்சர், வாக்காளர். இவர்கள் தோளோடு தோள் நின்றால் எழும் கோட்டை அது. அதற்குக் காவல், நினைவு. நினைவு உறங்கினால், கதவு திறந்தே கிடக்கும்.

உறங்காதிருப்போம்.